தட்டின் இடப்பக்கம்

சுலைஹா உம்மாவைப் பார்த்துக்கொள்ள சீனியம்மாள் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தது 1978 மழைக்காலத்தில். உம்மாவுக்குப் பக்கவாதம். இடக்கை விழுந்திருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மனதில் பதியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை. ஆனாலும் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இந்த ஆயா எனக்குப் பாதிச் சோறுதான் தர்றா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

ஆஸ்பத்திரியில் கற்றபடி சீனியம்மாள் தட்டைத் திருப்பி வைத்தாள்.

"தின்னு முடிச்ச சோறு மறுபடியும் வருது. சூனியம்" என்று உம்மா தட்டையே தள்ளிவிட்டார்.

உடம்பு மெலிந்துகொண்டே போயிற்று. தலை அந்தப் பக்கம் திரும்பிப் பழகட்டும் என்று மகன் மொய்துவைக் கட்டிலின் இடப்பக்கம் உட்கார வைத்தாள். தாய் ஒரு தரம்கூட அவனைப் பார்க்கவில்லை.

"உம்மாவுக்குப் புத்தி போச்சுக்கா" என்றான் அவன்.

"புத்தி இருக்கு தம்பி. சோறு போகணும், அதான் இப்போ கவலை."

மருந்துச் செலவுக்காகச் சுவரில் மாட்டியிருந்த நீலப் பீங்கான் தட்டை விற்க மொய்து ஏற்பாடு செய்திருந்தான். பழம்பொருள் வியாபாரி வந்தார். உம்மாவின் சாப்பாட்டுப் பலகைமேல் அதை வைத்து, ஓரத்தைச் சுற்றி ஓடிய அரபி எழுத்தைக் காட்டினார்.

"சீனாக்காரன் வேலையாக்கும். அவனுக்கு அரபி தெரியாது, பார்த்து வரைஞ்சான். கப்பல்ல வாங்கிட்டுப் போற அரபிக்காரன் வீட்டு எழுத்து இருந்தாத்தானே விற்கும்?"

உம்மாவின் வலக்கை விரல் எழுத்தின்மேல் விழுந்தது. சிறு வயதிலேயே ஓதப் படித்தவர். அரபி வலமிருந்து இடம் ஓடுவதால் வலப்பக்கம் தொடங்கி, வாய்விட்டு வாசித்து, தட்டின் உச்சிவரை வந்தார். வாசகம் முடியவில்லை. துஆவை, இறைவனிடம் கேட்கும் வேண்டுதலை, பாதியில் நிறுத்துகிறவர் அல்ல அவர். விரல் உச்சியைத் தாண்டி மெல்ல இறங்கியது. கழுத்தும் அதோடு திரும்பியது. வாசகம் முடிந்த இடத்துக்கு நேரே மொய்து உட்கார்ந்திருந்த நாற்காலி இருந்தது.

"மொய்து, நீ எப்போ வந்தே?"

அவன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தான். சீனியம்மாள் காத்திருக்கவில்லை, ஆறுவதற்குள் மீன்சோற்றைக் கொண்டுவந்து, அதே விரலைப் பிடித்துத் தட்டின் விளிம்பைச் சுற்றவைத்தாள். இடப்பக்கத்து மத்தி உம்மாவின் கண்ணில் பட்டது.

"மீனை இங்கேயா ஒளிச்சு வச்சே, கள்ளி?"

மொய்து வியாபாரிக்குச் சாயா கொடுத்து அனுப்பினான். தட்டைக் கொடுக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் முதலில் வாசிப்பு, பிறகு சோறு. ஓதும் எழுத்து என்பதால் அந்தத் தட்டில் யாரும் சோறு போடவில்லை. அது பக்கத்தில் இருந்தால் போதும். உம்மா இன்னும் ஐந்து வருடம் இருந்தார், கன்னத்தில் சதையோடு.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் சீனாக்காரனுக்கும் துஆ கேட்டேன். பேர் தெரியலை. அல்லாவுக்குத் தெரியும்."

"எனக்கு?" என்றாள் சீனியம்மாள்.

"உனக்குத்தான் முதல்ல கேட்டேன். சோறு போடு."