ஏறுகிற கோடும் இரண்டு சென்ட் இடமும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாள் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவேன். இப்போது ஞாபகமும் விட்டுவிட்டு வருகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாவின் விவசாயக் காட்டை அண்ணன் விற்றபோது, கூடப்பிறந்தவளான என் கையெழுத்தும் வேண்டும் என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். அதனால்தான் அண்ணன் என்னைத் தேடி வந்தார். பங்கு என்று எதுவும் கொடுக்கவில்லை. கையெழுத்துக்கு என்று ஒரு தொகை கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே நினைப்புதான். முதலிபாளையம் பக்கத்தில் இரண்டு சென்ட் இடம். அதில் கதவு வைத்த ஒரு அறை.

கதவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்தது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. உள்ளறையில் மகனும் மருமகளும் பேத்தியும். முன்னறையில் டிவி, மகனின் பைக், நான். டிவியை அணைத்தால்தான் நான் படுக்கலாம். யாராவது வந்தால் எழுந்து ஓரமாக நிற்க வேண்டும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துப் பார்த்துக் கண் மங்கி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தவள் நான். எதையும் கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை.

மகன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்போது ஊரெல்லாம் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய கையோடு டீக்கடையில் ஷேர் மார்க்கெட் பேசினார்கள். என்னிடம் பணம் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை, மகன் தன் சிநேகிதரை வீட்டுக்கு அழைத்து வந்தான். இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவர், மியூச்சுவல் ஃபண்டும் சேர்த்து விற்றார். வழவழப்பான தாள் ஒன்றை என் முன்னால் விரித்தார். கீழ்மூலையில் தொடங்கி எதிர்மூலைக்கு ஏறிப்போகும் ஒரு கோடு.

"பாருங்கம்மா, இது பழைய வருசத்துக் கணக்கு பூராவுமுங்க. பெரிய கம்பெனியெல்லாம் ஏறி முடிஞ்சுதுங்க. சின்னத நம்ப முடியாதுங்க. இது ரெண்டுக்கும் நடுவால இருக்கற கம்பெனிங்க. அதுலயும் விலை மலிவாக் கெடக்கறதாப் பாத்து வாங்கறாங்க. உங்க மகன் வேலை செய்யற கம்பெனி மாதிரின்னு வெச்சுக்கங்களே. நாலு மிசின்ல ஆரம்பிச்சு இன்னிக்கு எத்தன பில்டிங்கு!"

மகனின் கம்பெனி மாதிரி என்றதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மருமகளின் காதில் சொன்னேன். அவள் சத்தமாகவே கேட்டாள்.

"வேணுங்கறப்ப எடுக்கலாமான்னு எங்கத்தை கேக்கறாங்க. எதுக்க உக்காந்திருக்கற மனுசங்கிட்டப் பேசறதுக்கும் நாந்தான் தூது போகோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர், "எப்ப வேணும்னாலும் எடுக்கலாமுங்க. ஆனா வருசக்கணக்கா வெச்சிருந்தாத்தானுங்க பலன்" என்றார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு இடமில்லாமல் போனதும் அதனால்தான்.

அவர் போன பிறகு மகனிடம், "எடம் வாங்கலாம்னு இருந்தேன் சாமி" என்றேன்.

"எடம் எங்கீங்கம்மா ஓடிப்போகுது? இதுல போட்டு எடுத்தா ரெண்டு சென்ட்டுக்கு நாலு சென்ட்டா வாங்கிப்போடலாமுங்க."

போட்டேன். முதலில் ஏறத்தான் செய்தது. மகன் வந்து சொல்லும்போதெல்லாம், நான் கட்டப்போகும் அறைக்கு மனதுக்குள் ஒரு ஜன்னல் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். அது யார் வீட்டுக் கவலையோ என்று நான் இருந்தேன். மகன் மட்டும் சோறு சாப்பிடாமல் எழுந்து போனான். ஃபண்ட் விழுந்தது. கூடவே ஆர்டரும் நின்றது. எங்கள் ஊர் பனியனை வாங்குகிறவர்களும் அந்த அமெரிக்காக்காரர்கள்தானே. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. அதுவும் வாரத்தில் பாதி நாள் என்றானது. கடைசியில், கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லி மகனை அனுப்பிவிட்டார்கள்.

சம்பளம் நின்றால் சேமிப்பு இருக்கிறது என்றுதான் எல்லோரும் போடுகிறோம். எங்களுக்கு இரண்டும் ஒரே காற்றில் சாய்ந்தன. நடுத்தரக் கம்பெனி ஆட்டம் காணும்போது அதில் போட்ட பணம் கரையும், அதில் வேலை செய்கிறவனின் சம்பளமும் நிற்கும். இதை அந்தத் தாளில் யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை.

வீட்டு வாடகை பாக்கி விழுந்தது. ஃபீஸ் கட்டவில்லை என்று பேத்தியின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஃபண்டில் இருந்து பணத்தை எடுக்கிற படிவத்தை மகன் கொண்டுவந்து, "கையெழுத்துப் போடுங்கம்மா, வேற வழி தெரியலீங்க" என்றான். சேதி கேள்விப்பட்டு அந்தச் சிநேகிதர் ஓடி வந்தார்.

"மாப்ளே, இப்ப எடுக்காத. பாதிக்கு வந்து நிக்குது. பொறு. ரெண்டு மூணு வருசத்துல தானா வந்துரும்."

மருமகள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "சரிங்கண்ணா. அந்த ரெண்டு மூணு வருசத்துக்கு நாங்க நாலு பேரும் உங்கூட்டுல வந்து சாப்படறமுங்க. எத்தன மணிக்குச் சோறாக்குவீங்க?"

அவர் கிளம்பிப் போனார். நான் கையெழுத்துப் போட்டேன். வந்த பாதியும் வாடகைக்கும் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. பேத்தி படித்தாள், அதில் எனக்குக் குறையில்லை.

அவர் சொன்னபடியே எல்லாம் திரும்பி வந்தது. ஃபண்டும் ஏறியது, ஆர்டரும் வந்தது, இடத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர், "வெச்சிருந்தீங்கன்னா இன்னிக்கு எங்கியோ போயிருக்குமுங்கம்மா" என்பார். பொறுத்திருந்தவர்களுக்குப் பலன் என்கிறார்கள். பொறுத்திருப்பதற்கு அந்த நாட்களில் வேறொரு சோறு வேண்டுமே. அது இருந்தவர்கள் வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு வேலை செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடியும் மார்க்கெட் பேச்சு. மகன் சொன்னான்:

"எங்கம்மாவும் போட்டிருந்தாங்கப்பா. சரியா அடியில கெடக்கறப்ப பயந்துட்டு எடுத்துப்போட்டாங்க. பொம்பளைங்களுக்கு இதுக்கெல்லாம் ஏதுப்பா பொறுமை?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு வாயாடி அவள். சர்க்கரை டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களில் ஒருவர், "பரவாயில்லீங்கம்மா, அடுத்த தடவ அவசரப்படாதீங்க" என்றார். நான் "செரிங்க" என்றேன்.

மாதம், வருஷம் எதுவும் எனக்கு உறுதியில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்துத் திருத்துங்கள். நான் எடுத்த பிறகு அந்த ஃபண்ட் எத்தனை மாதத்தில் மேலே வந்தது என்றும், எங்கள் ஊரில் நின்றுபோன சனிக்கிழமை சம்பளம் மறுபடி வந்தது அதற்கு முன்னாலா பின்னாலா என்றும் பாருங்கள். பின்னால்தான் என்றால், நான் பயந்து எடுக்கவில்லை என்று என் மகனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.