மின்தடை நாளில் ஒரு வர்ணம்

எங்கள் தெருவில் அமைதி என்பது மாதத்துக்கு ஒரு நாள்தான். பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். மாலை ஐந்துக்குக் கொடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் பகல் இரவு பார்க்காமல் விசைத்தறி ஓடும். அருப்புக்கோட்டைக்கு விருந்தாட வந்தவர்கள், இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். சத்தம் நின்றால்தான் எங்களுக்கு முழிப்புத் தட்டும்.

அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் அக்கா பாட்டுச் சாதகம் செய்தாள். அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. முன்னறையில் அவள், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் இரண்டு தறிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை டீச்சர் செல்போனில் பாடம் சொல்வார். மாதம் ஒரு தடவை அம்மா பஸ்ஸில் நேரில் கூட்டிப்போவாள். நேரில் போனால் மட்டும், "இங்க வந்தா ஏன் இப்படி ஓடுற?" என்று டீச்சர் கேட்பாராம். எடுத்த வேகத்தைக் கடைசிவரை பிடிக்காமல் போகப் போக விரட்டுகிறாள் என்பது அவர் குறை. பஸ் அலுப்பு என்றாள் அம்மா. பயம் என்றாள் அக்கா. அப்பா பாட்டைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. தறியில் நூல் அறுந்தால் மட்டும் வாயைத் திறப்பார்.

அந்த வருஷம் மதுரையில் ஒரு சபா, பாடத் தெரிந்த பிள்ளைகள் சிலரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து மேடையேற்றுவதாக அறிவித்தது. பதினாறு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஒரு வர்ணத்தை வெட்டாமல் ஒட்டாமல், தம்புரா தவிர வேறு சத்தமில்லாமல், வீடியோவாக அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் எங்கள் தெருவில் கரண்ட் நிற்கும் நாள். அதை விட்டால் அக்காவுக்கு இன்னொரு நாளும் கிடையாது, இன்னொரு வருஷமும் கிடையாது.

கவலைப்படுகிற வேலையை வீட்டில் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கவலைப்படுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை. தம்புரா ஆப் போட அம்மாவின் போன், படம் பிடிக்கப் பக்கத்து வீட்டுச் சித்தியின் போன் என்று இரண்டுக்கும் முந்தின நாளே சார்ஜ் ஏற்றினேன். ஏறியதா என்று கால் மணிக்கு ஒருதரம் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததிலேயே பாதி சார்ஜ் தீர்ந்திருக்கும். அக்கா எச்சில் விழுங்கினால்கூட, "தொண்டை வலிக்குதா?" என்று கேட்டேன்.

கரண்ட் போனதும் தெரு அடங்கியது. ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. மிக்சி ஓடாததால் சித்தி அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் உரலை உருட்டினார்கள். நான் வீடு வீடாக ஓடினேன்.

"ஏத்தா, ஒங்க அக்கா பாடுறதுக்கு எங்க வீட்ல கொழம்பு வைக்கக் கூடாதா?" என்றாள் சித்தி.

"ஒரு மணி நேரம் சித்தி. இன்னைக்கு ஒருநா ரசம் வச்சுக்கோங்க."

"ரசத்துக்கு மட்டும் மெளகு தானா நொறுங்குமா? சரி, போ. மோர் ஊத்திக்கிறோம்."

அடுத்து வீரசோழனிலிருந்து பேரீச்சம்பழம் விற்க வரும் பாய், ஸ்கூட்டரில் ஒலிபெருக்கியோடு தெருமுனையில் திரும்பினார். குறுக்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, வீட்ல ஆருக்கும் மேலுக்கு முடியலையா?"

"இல்ல பாய். அக்கா பாடப் போறாக."

அவர் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியை அணைத்தார், வண்டியையும் அணைத்தார். "அப்ப நான் உருட்டிக்கிட்டே போறேன்" என்று தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டே போனார்.

இத்தனை பந்தோபஸ்தும் செய்து, கதவைச் சாத்தி, அக்காவை உட்கார வைத்தோம். அம்மா படம் பிடித்தாள். தம்புரா தேனீ மாதிரி ரீங்கரித்தது. அக்கா தொடையில் தாளம் தட்டி வர்ணத்தை எடுத்தாள். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் பாதிக்கு வருமுன் ஓட ஆரம்பித்துவிட்டாள். முடிவில் கையே தடுமாறியது. இரண்டாம் தடவை இன்னும் மோசம்.

"வீட்லயுமா இப்படி வரும்? தெனமும் நல்லாத்தானே பாடுறேன்" என்று அக்கா அழுதாள். அழுதால் தொண்டை கட்டுமே என்று நான் அழுதேன். சித்தியின் போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிடுகிற நாளும் உண்டு. இன்னும் ஒரு தடவைதான் பாட முடியும்.

உள்ளறையில் துண்டை விரித்துப் படுத்திருந்த அப்பா எழுந்தார். வேலையில்லாத பகல் அவருக்கு மாதத்தில் அது ஒன்றுதான். எங்களை ஒருதரம் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகத் தறிக்கொட்டகைக்குப் போனார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவைக்கு நிமிர்ந்தாள். அம்மா போனைத் தூக்கினாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் 'டொக்' என்றது. சற்று விட்டு இன்னொரு 'டொக்'. பாவு நூல் தீர்ந்து சும்மா கிடந்த தறியின் சக்கரத்தை அப்பா கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஊரையெல்லாம் வாயடைத்துவிட்டு வந்தால் நம் வீட்டிலேயே சத்தம்! அக்கா பாட ஆரம்பித்துவிட்டாள். நான் கொல்லை வழியாக ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நிப்பாட்டுங்கப்பா! ஒங்களுக்கு ஒரு நா இந்த மிசினு இல்லாம இருக்க முடியாதா?"

அவர் உடனே விடவில்லை. தலையைச் சாய்த்துச் சுவர்ப்பக்கம் காது கொடுத்தபடி மேலும் நாலைந்து சுற்றுச் சுற்றினார். பிறகு மெதுவாகக் கையை எடுத்தார். சுவருக்கு அப்பால் அக்காவின் பாட்டு அதே நடையில் போய்க்கொண்டிருந்தது. கடைசிவரை அப்படியே போனது.

"தெரியாமச் செஞ்சிட்டேன்த்தா" என்றார் அப்பா.

நான் முன்னறைக்கு வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். "சத்தம் விழுந்திருச்சேக்கா!" என்றேன். "விழுந்தா விழட்டும். இதத்தான் அனுப்பணும்" என்றாள். அதற்குள் போன் அணைந்துபோயிருந்தது. மூன்றரை மணிக்கெல்லாம் கரண்ட் வந்து, தெரு மொத்தமும் இரைய ஆரம்பித்தது. சார்ஜ் ஏற்றி அதையே அனுப்பினார்கள். டீச்சர் கேட்டுவிட்டு, பாட்டு நன்றாக நிற்கிறது, ஆனால் பின்னால் அலறுவது யார் என்று மட்டும் விசாரித்தாராம்.

இருபது நாள் கழித்து, சத்தத்தைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், அக்காவை நேரில் வரச் சொல்லிச் சபாவிலிருந்து கடிதம் வந்தது. அப்பா கெடுக்கப் பார்த்ததையும் நான் காப்பாற்றியதையும் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சித்தி அவரிடமே கேட்டாள். "ஆமாத்தா, இவ மட்டும் வரலைன்னா அம்புட்டும் போயிருக்கும்" என்று தலையை ஆட்டிவிட்டு அவர் நூலைப் பார்க்கப் போய்விட்டார்.

கரண்டில் ஓடும் தறிக்கு ஒரே வேகம். கையால் சுற்றினால் சுற்றுகிறவர் வைத்ததுதான் வேகம். அன்று எடுத்த வீடியோவில் அவருடைய ஓர் அடிக்கு அக்காவின் கை தொடையில் ஒரு தட்டு, பிசகாமல் விழுந்தது. அவள் வாய் திறக்குமுன்பே அவர் அந்த அளவில் சுற்றத் தொடங்கியிருந்தார். அந்த அளவு அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்ததில் என் புதுப் பாவாடையில் கிரீஸ் அப்பியிருந்தது. அம்மா பார்த்தால் அடிப்பாளே என்பதுதான் அன்று பொழுது சாயும்வரை என் கவலை.