வாத்துக்காரரின் பொய்

எங்கள் வீட்டில் எதற்கும் ஒரு சட்டம் உண்டு. சட்டம் போடுவது நான், மீறுவது என் கணவர், இரண்டையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் ஒரே மகள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் ஏதோ போட்டியில் ஜெயித்து ஒரு கதைப் புத்தகம் பரிசாக வாங்கி வந்தாள். பன்னிரண்டு அத்தியாயம், நடுநடுவே கறுப்பு வெள்ளைப் படம். தனியாகப் படிக்க மாட்டேன், மூன்று பேரும் சேர்ந்துதான் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். முன்னாலேயே திருட்டுத்தனமாகப் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாளோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. கேட்டால் சத்தியம் செய்கிறாள்.

படிப்பதற்கும் சட்டம் போட்டேன். சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து காபி குடித்ததும் ஒரு அத்தியாயம். ஆளுக்கு ஒரு நாள் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்தவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்க வேண்டும், மற்ற இருவரும் பதில் சொல்லியே தீர வேண்டும். ‘தெரியாது’ என்று சொன்னால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். இந்தக் கடைசிப் பிரிவு அவருக்காகவே சேர்த்தது.

கதை வாத்து மேய்க்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள். அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு நொண்டி வாத்து மேல் உயிர். நான் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள். அதனால் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே புகுந்து, ‘அப்படி மேய்க்க மாட்டாங்க, இப்படித்தான் மேய்ப்பாங்க’ என்று ஆசிரியரைத் திருத்திக்கொண்டிருந்தேன். “அம்மா, நீ வேணா தனியா ஒரு புக்கு எழுதிக்க. இதைப் படிக்க விடு” என்றாள் மகள். அவரோ ஆளுக்கொரு குரலில் படிப்பார். பையனின் அப்பாவுக்கு எங்கள் தெரு முனைப் பரோட்டாக் கடை மாஸ்டரின் குரல். அந்தக் குரலில் யார் செத்தாலும் சிரிப்புத்தான் வரும்.

இங்கே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். என் கணவரின் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எங்களுடையது காதல் கல்யாணம். புதிதில் அவர்கள் வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவர்கள் பாஷையில் பேசிச் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீம்புக்காகவே ஒரே வருஷத்தில் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டேன். கற்ற பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பேசியதில் பாதி, குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்பதுதான்.

மகளிடம் இருவரும் தமிழில்தான் பேசுவோம். அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம் வந்தால் சட்டென்று சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுவோம். மாத்திரையை எதில் கலந்து கொடுப்பது, எந்தக் கல்யாணத்துக்கு அவளை விட்டுவிட்டுப் போவது எல்லாம் அவள் தலைக்கு மேலேயே முடிவாகும். பிள்ளைக்கு நம்ம பாஷை வரவே இல்லையே என்று அவர் வருத்தப்படுவார். வருத்தப்பட்டுக்கொண்டே அந்த வசதியை நன்றாக அனுபவிப்பார். நானும்தான்.

அந்த மார்கழியில் அப்படித்தான் ஒரு பெரிய விஷயத்தை முடிவு செய்தோம். எனக்கு வேலை நாகமலை புதுக்கோட்டையில், வீடு வில்லாபுரத்தில். தினமும் இரண்டு பஸ் மாறி, ஊரையே குறுக்கே கடந்து போய்வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கோடை விடுமுறையில் வீட்டை அங்கேயே மாற்றிவிடுவது என்று பேசினோம். மகளுக்கும் அங்கே வேறு பள்ளி. அவளிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் பயம். மாடி வீட்டுப் பெண் அவளுடைய உயிர்த்தோழி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே ஆட்டோ. பரீட்சை முடிகிற வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். தீர்மானித்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும்போதுதான்.

மாசியில் ஒரு நாள் ஏழாம் அத்தியாயம். அன்று படிக்க வேண்டியவள் மகள். பையன் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவனுடைய அப்பா நொண்டி வாத்தையும் சேர்த்து வியாபாரியிடம் விற்றுவிடுகிறார். காலையில் பையன் தேடும்போது, கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது என்று சொல்கிறார். பையன் ஒரு நாள் முழுக்க வாய்க்கால் ஓரமாகக் கீரி வளையைத் தேடி அலைகிறான். மகள் எந்தக் குரலும் மாற்றாமல் நேராகப் படித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

“கேள்வி இதான். அவங்கப்பா உண்மையைச் சொல்லியிருக்கணுமா, வேணாமா?”

அவர் காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. “சொல்லியிருக்கணும். இதுல என்ன இருக்கு? பிள்ளை அழுதா அழுதுட்டுப் போகுது. ஏமாத்துறதுதான் தப்பு” என்றார் நியாயஸ்தர்.

நானும் விடவில்லை. “அந்தாளுக்குத் தைரியம் இல்ல. பிள்ளை அழுறதைப் பாக்கப் பயந்துக்கிட்டு, பிள்ளைக்காகத்தான் மறைச்சேன்னு சொல்லுவான்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள், நான் யாரைத் திட்டினேன் என்று எனக்கே புரிந்துவிட்டது. அவரைப் பார்த்தேன். அவர் இன்னும் தீர்ப்பு சொன்ன மிதப்பில் இருந்தார். எச்சரிக்க வேண்டுமே என்ற அவசரத்தில், வழக்கம்போல, சௌராஷ்டிரத்தில் சொன்னேன்: “போதும், நிறுத்துங்க. இவளுக்கு ஏதாவது சந்தேகம் வந்துடப்போகுது. பரீட்சை முடியட்டும்.”

“பரீட்சை முடிஞ்சு சொன்னாலும் அழத்தான் போறேன்” என்றாள் மகள். அதையும் சௌராஷ்டிரத்தில்தான் சொன்னாள். திக்காமல், திணறாமல், அவள் அப்பா வீட்டு மனிதர்கள் பேசுகிற அதே இழுவையோடு.

பத்து வருஷமாக அந்தப் பாஷை காதில் விழுந்துகொண்டே இருந்தால் பிள்ளைக்கு வராதா என்று ஒரு நாள்கூட யோசிக்காத மக்குகள் நாங்கள். அதைவிட, இத்தனை நாள் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு வலித்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்டார். வீடு மாற்றுவதைப் பற்றி முதல் நாள் பேசியதிலிருந்தே தெரியும் என்றாள்.

“ஏன்டா எங்ககிட்ட கேக்கல?” என்றார்.

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

எனக்குக் கோபம் வந்தால் ஊரைக் கூட்டுவேன். அன்று யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், “மாடி வீட்டுப் பிள்ளைகிட்டயாச்சும் சொன்னியா?” என்று கேட்டேன். “நீங்க சொல்லாதப்ப நான் எப்படிச் சொல்றது?” என்றாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இப்பச் சொல்லலாமா?” என்றாள். அவர் தலையாட்டினார். மாடிக்கு ஓடினாள்.

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. “ரெண்டு மாசமாத் தெரிஞ்சும் சொல்லலைல்ல, எங்கிட்டப் பேசாதன்னுட்டா” என்றாள். கட்டிலில் போய் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். அவள் கையைத் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை.

நான் பொதுவாக யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் இவரிடமே கேட்டதில்லை. அன்று மாடிப்படி ஏறினேன். அந்தப் பெண் வாசல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழ்ப்படியில் நானும் உட்கார்ந்தேன்.

“கோவத்தை எங்க மேல காட்டும்மா. நாங்கதான் அவகிட்ட சொல்லாம மறைச்சோம். அதனாலதான் அவளால உங்கிட்டச் சொல்ல முடியல. அவ மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“ஆறாப்புலயும் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காரணும்னு நான் தெனம் சொல்லுவேன், ஆன்ட்டி. ஜன்னல் பக்கம் யாருக்குன்னு சண்டை போடுவோம். நேத்துக்கூட ஜன்னல் எனக்குத்தான்னு சொன்னேன். சரி, நீயே வச்சுக்கன்னா.”

எந்தச் சண்டையிலும் விட்டுக்கொடுக்காத என் மகள், தான் உட்காரவே போகாத வகுப்பின் ஜன்னலைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல எங்களோடு உட்கார்ந்து வாத்துக் கதை படித்திருக்கிறாள். தினமும் அவளை அப்படி நடிக்க வைத்தது நான். அதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“அவ அழுறாளா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இல்லம்மா. சும்மா படுத்திருக்கா.”

அவள் எழுந்து, என்னைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் என் கணவர் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து படியடியில் நின்றார். உள்ளே இரண்டு பிள்ளைகளும் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே போகத் திரும்பினார். வேண்டாம், அழட்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.