பாதி விலை விளம்பரம்

சென்ற ஆண்டு, ஐப்பசி மழை அப்போதுதான் பிடித்திருந்த நேரம். மந்தைவெளியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொடங்கி, வேளச்சேரியில் ஒரு மெக்கானிக் கடையில் முடிந்த சம்பவம் இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்து மூன்று. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். நானே பிரிப்பேன், நானே பூட்டுவேன். தயாரிப்பு நின்று பல வருடமாகிவிட்ட வண்டி என்பதால் பாகங்கள் புதிதாகக் கிடைக்காது. பழைய சாமான் விற்கும் ஆப்பில்தான் தேட வேண்டும். அப்படித் தேடித் தேடி வாங்கி, மிஞ்சியதை அதே ஆப்பில் விற்று, கொஞ்ச நாளில் அந்த உலகத்தின் குணமெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

அங்கே வணக்கம் கிடையாது. எடுத்ததும் "லாஸ்ட் ரேட்?" என்றுதான் கேட்பார்கள். "இருக்கா?" என்று கேட்பார்கள், இருக்கிறது என்று சொன்ன நொடியிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். தேய்ந்துபோன பக்கம் மட்டும் எந்தப் புகைப்படத்திலும் விழாது. எல்லாமே ஒரிஜினல், எல்லாமே ஒரே கை ஓட்டிய வண்டியில் கழற்றியது. போனில் என் குரலைக் கேட்டதும், "சார்கிட்ட குடுங்க மேடம்" என்பார்கள். "சார் ரசம் வெச்சிட்டிருக்கார். என்ன வேணும், என்கிட்ட கேளுங்க" என்பேன். என் கணவர் உண்மையிலேயே ரசம் வைத்துக்கொண்டிருப்பார்.

எனக்கு ஒரு கொள்கையும் இருந்தது. பழுதான பாகத்தை முழுசாக எடைக்குப் போடமாட்டேன். ரம்பத்தால் இரண்டாக அறுத்துத்தான் போடுவேன். இல்லையென்றால் யாராவது அதற்குப் பெயின்ட் அடித்து மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்போது என்னிடம் இரண்டு டி-ஸ்டெம் இருந்தன. ஹேண்டிலையும் முன் சக்கரத்தையும் வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பாகம் அது. ஓடும்போது முறிந்தால் ஹேண்டில் நம் கையில் இருக்கும், சக்கரம் நம்மிடம் இருக்காது. இரண்டில் ஒன்று நல்லது. இன்னொன்றில், வெல்டிங் ஓரமாக முடி அளவுக்கு ஒரு விரிசல். நல்லதை விற்க நினைத்தேன். விற்பதற்கு முன் கறுப்புப் பெயின்ட் அடித்தால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று, ஸ்ப்ரே வாங்கிவந்து, கை பழகுவதற்காக முதலில் பழுதானதன் மேல் அடித்தேன். பிறகு நல்லதன் மேல். இரண்டையும் துணி காயப்போடும் கம்பியில் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டேன். மதியம் திடீரென்று மழை. மாடிக்கு ஓடி, காய்ந்த துணியையும் இரண்டு ஸ்டெம்மையும் ஒரே வாரலாக வாரிக்கொண்டு கீழே வந்தேன்.

நல்லதைப் படம் எடுத்து ஆப்பில் போட்டேன்; ஒரே நாளில் ஒருவர் கேட்டார். வேளச்சேரிக்காரர், அடுக்குமாடி ஒன்றில் லிப்ட் பழுது பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வரும் வழியில், மந்தைவெளி ரயில் நிலைய வாசலில் அவரைச் சந்தித்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிராக் கிராக் ஒண்ணும் இல்லியே மேடம்?"

"நான் பாக்காம எதையும் விக்கிறதில்ல" என்றேன்.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். "இல்ல மேடம், சனிக்கிழமை காலையில பொண்டாட்டிய ஏத்திக்கினு வேளாங்கண்ணி போறேன். வண்டியிலயே வர்றதா வேண்டிக்கினு கீது அது. அதான்."

எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. சந்தேகமாக இருந்தால் வாங்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்துச் சமாளித்து, பணத்தைக் கொடுத்துவிட்டு, ஸ்டெம்மைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

புதன்கிழமை மாலை, எடைக்குப் போடுவதற்காக மீதமிருந்த ஸ்டெம்மை அறுக்க உட்கார்ந்தேன். விரிசல் வழியாக அறுத்தால் சுலபம் என்று, அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டினேன். விரிசல் இல்லை. தள்ளிச் சுரண்டினேன். இல்லை. வெல்டிங் முழுக்கச் சுரண்டிவிட்டேன். வழவழவென்று நல்ல இரும்பு. ரம்பத்தைக் கீழே வைத்தேன். விரிசல் விட்டதைத்தான் அவரிடம் விற்றிருக்கிறேன்.

ஆப்பைத் திறந்தேன். அவர் கணக்கே அங்கே இல்லை. 'இந்தப் பயனர் இப்போது இல்லை' என்று வந்தது. போன் நம்பர் நான் வாங்கவில்லை. பெயர்கூடத் தெரியாது, ஆப்பில் ஒரு புலியின் படம்தான் இருந்தது. வேளச்சேரி, லிப்ட் வேலை. இந்த இரண்டை வைத்துக்கொண்டு வேளச்சேரியில் ஓர் ஆளை எப்படிப் பிடிப்பது?

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் வேளச்சேரிக்குப் போய், ஸ்டேஷனைச் சுற்றி ஏழெட்டு மெக்கானிக் கடைகளில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆப்பில் ஒரு விளம்பரம் போட்டேன்: 'மந்தைவெளியில் டி-ஸ்டெம் வாங்கியவர் தயவுசெய்து வண்டியை ஓட்ட வேண்டாம்.' பத்தே நிமிடத்தில், விற்பனைப் பொருள் இல்லை என்று சொல்லி ஆப் அதை நீக்கிவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி நீக்கியது.

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "அந்த ஆளு இப்ப என்ன பண்ணிட்டிருப்பான்னு உனக்குத் தெரியாதா? நீ பார்ட் வாங்கின பிறகு என்ன பண்ணுவ?"

சட்டென்று விளங்கியது. ஒரு பாகத்தை வாங்கிய பிறகும் எங்களால் சும்மா இருக்க முடியாது. அதே பாகம் வேறு யாராவது போட்டிருக்கிறார்களா, நாம் ஏமாந்துவிட்டோமா என்று ஒரு வாரத்துக்காவது பார்த்துக்கொண்டே இருப்போம். கணக்கை அழித்தவராக இருந்தாலும் வேறு எப்படியாவது எட்டிப் பார்ப்பார். உடனே, கையிலிருந்த நல்ல ஸ்டெம்மைப் படம் எடுத்தேன். அதே தரை, அதே வெளிச்சம், அதே வாசகம். விலையை மட்டும் பாதியாகப் போட்டேன்.

நாற்பது பேர் "இருக்கா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நீங்கள் வேளச்சேரியா என்று பதில் போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் வரை யாரும் இல்லை. மறுநாள் விடியற்காலை அவர்கள் கிளம்பிவிடுவார்கள். கடைசி வகுப்பில் கரும்பலகையில் நான் போட்ட கணக்கு தப்பு என்று பிள்ளைகள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

மணி அடித்து வெளியே வந்தபோது ஒரு செய்தி. ரோஜாப்பூப் படம் வைத்த புதுக் கணக்கு.

"இன்னா மேடம், எனக்கு ஒரு ரேட்டு, ஊருக்கு ஒரு ரேட்டா? கோயிலுக்குப் போறவன்னு சொன்னேனே, என்கிட்டயா டபுளா வாங்குவீங்க?"

பள்ளி வாசலிலேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்னை ஒருவர் திட்டி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. நடந்ததை எழுதினேன். அவர் நம்பவில்லை. "புரியுது மேடம். வேற பார்ட்டி ஜாஸ்தி குடுக்குறான், அதான் திருப்பி வாங்கப் பாக்குறீங்க" என்றார். அந்த உலகத்தில் அப்படியும் நடக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாக இப்படி எழுதினேன்: "நல்லதை நானே இப்ப எடுத்துட்டு வர்றேன். ரெண்டையும் நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு எதுவும் திருப்பி வேண்டாம். நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

கால் மணி நேரம் பதில் இல்லை. பிறகு இடத்தின் வரைபடம் மட்டும் வந்தது.

வீட்டுக்கு ஓடி, ஸ்டெம்மைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். வேளச்சேரியில் இறங்கியபோது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மெக்கானிக் கடையில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. வண்டி பளபளவென்று தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் ஓடிவந்து, மெல்லிய குரலில், "அந்த ஆப்பு மேட்டர் மட்டும் வேணாம் மேடம். அழிச்சிட்டேன்னு அதுகிட்ட சத்தியம் பண்ணிக்கீறேன்" என்றார். அதற்குள் அந்த அம்மா, "எல்லாம் தெரியும், உள்ள வரச் சொல்லு" என்றார்.

மெக்கானிக்குக் கழற்ற மனமே இல்லை. "செவ்வாய்க்கிழமை பூட்டினேன். மூணு நாளா ரெண்டு பேரும் ஓட்டிக்கினுதான் கீறாங்க. நல்லா கீது" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார். சக்கரம், அதைத் தாங்கும் முன் போர்க், ஹேண்டில் எல்லாம் இறங்க ஒரு மணி நேரம் ஆனது. வெல்டிங் ஓரத்துப் பெயின்டைச் சுரண்டினோம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த இடத்தில் டீசல் தடவி ஊறவிட்டேன். நன்றாகத் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்த சாக்பீஸைப் பொடித்துத் தேய்த்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் கசிந்து சாக்பீஸ் பொடியைக் கறுப்பாக்கும். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பொடியில் மெதுவாக ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. நான் முன்பு பார்த்ததைவிட இரண்டு மடங்கு நீளமாக, குழாயைப் பாதி சுற்றி வந்து நின்றது.

வாங்கியவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் ஸ்டெம்மை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாண்டிச்சேரி தாண்டியிருக்காது" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதை எதிர்பார்க்கவும் செய்தேன்.

"டீச்சர்னு சொல்றீங்க. நல்லதையும் கெட்டதையும் ஒரே கம்பியிலயா காய வெப்பீங்க? இந்த ஆளு ரெண்டு தபா கேட்டுச்சாமே, கிராக் இருக்கான்னு. ஒரு தபாவாவது நீங்க குனிஞ்சு பாத்தீங்களா?"

"பாக்கல" என்றேன். "தப்பு என்னுதுதான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றார்.

"புதன்கிழமை."

"அப்போலேர்ந்து எங்களத் தேடிக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், நனைந்திருந்த என் புடவை ஓரத்தைப் பார்த்தார். எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து நாலு டீ சொன்னார். டீயைக் கையில் கொடுத்தபோதும் அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது.

நான் கொண்டுபோன ஸ்டெம்மையும் அதே மாதிரி டீசலும் சாக்பீஸும் போட்டுச் சோதிக்கச் சொன்னேன். இந்த முறை அந்த அம்மாதான் பொடியைத் தேய்த்தார். பொடி வெள்ளையாகவே இருந்தது. அதைப் பூட்டி முடிக்கும்வரை இருந்தேன். விரிசல் விட்டதை மெக்கானிக் கட்டரில் வைத்து எங்கள் கண்முன்னே இரண்டாக அறுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ரோஜாப்பூக் கணக்கிலிருந்து ஒரு படம் வந்தது. கடற்கரை மணலில் வண்டி, அதன் மேல் சாய்ந்தபடி அந்த அம்மா. கீழே, "வந்து சேந்துட்டோம் டீச்சர். இத எழுதுறது நான்தான். ஆப்பு இப்ப என்கிட்ட கீது" என்று எழுதியிருந்தது. என் கணவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். நான் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

பாகங்களை இன்றும் வாங்குகிறேன், விற்கிறேன். வண்டி வேலையில் என் கை மீது எனக்கு நம்பிக்கை குறையவில்லை. முன்பைவிட நன்றாகவே செய்கிறேன். ஆனால் ஒருவர் ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை; அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, பின்னால் உட்காரப்போகிற ஒருவருக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் ஒரு முறை குனிந்து பார்க்கிறேன்.