ஸ்டோரில் சாமி பங்கு

காளியப்பன் ஸ்டோர் ரூமுக்குள் செருப்புக் காலோடு போகமாட்டார். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கிற வேறு எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு ஸ்டோர்காரரைப் பார்க்க முடியாது. ஆட்டையாம்பட்டியில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். வாலிபத்தில் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்தவர். இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு முதலாளி சுவாமிநாதன் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்.

அவர் பொறுப்பில் எந்த ரேக்கும் காலியாகக் கிடந்ததில்லை. வீட்டில் அரிசிப் பானையை வழித்துத் துடைக்காமல் ஒரு பிடி விட்டுவைக்கிறோமில்லையா, அது மாதிரி ஒவ்வொரு ரேக்கிலும் தேய்ந்துபோன பழைய சாமான் ஒன்றைத் துடைத்து, குங்குமம் வைத்து விட்டிருப்பார். அது சாமி பங்கு. பாறையைக் குடையும் பிட்டு எத்தனை இருக்கிறது என்று முதலாளி கேட்டால், "சாமிக்குப் போக மூணு இருக்குதுங்க" என்பார். மூன்றும் தீர்ந்துபோனால், "சாமி மட்டும் இருக்குதுங்க." இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. முதலாளியும் புரிந்துகொண்டு உடனே ஆர்டர் போட்டுவிடுவார்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏசி அறை. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. அதைப் பார்த்ததுமே காளியப்பனுக்கு அந்தப் பெட்டியின்மேல் மரியாதை வந்துவிட்டது. அதை இயக்க நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனாள் வசந்தாமணி. தகப்பன் இல்லாத வீடு. அவள் வேலையை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

முதலாளி அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன் அம்மிணி. பெட்டி சொல்றதும் ஸ்டோர்ல இருக்கறதும் ஒத்து வரோணும். இல்லீன்னா பெட்டியையும் அனுப்பிப்போடுவேன், உன்னையும் அனுப்பிப்போடுவேன்."

அவள் சாமான் பேரெல்லாம் அச்சடித்த தாள்களைக் காளியப்பனிடம் கொடுத்தாள். "உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்கண்ணா."

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, தாளுக்குத் தாள் பிள்ளையார் சுழி போட்டு எழுதினார் காளியப்பன். சாமி பங்கையும் சேர்த்தேதான் எண்ணினார். கண்ணெதிரே இருக்கிறதை எப்படி விடுவது? 'சாமிக்குப் போக' என்று எழுத அந்தச் சின்னக் கட்டத்தில் இடமும் இல்லை. வசந்தாமணி அதை அப்படியே பெட்டிக்குள் ஏற்றினாள்.

மகாளய அமாவாசையன்று காளியப்பன் மலைக்கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ராசிபுரத்திலிருந்து போன் வந்தது. துளைத்துக்கொண்டிருந்த பிட்டு உடைந்துவிட்டதாம். முதலாளி வசந்தாமணியைக் கேட்டார். பெட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னது. டிரைவர் அந்த ரேக்கில் கிடந்ததை எடுத்து ஜீப்பில் போட்டுக்கொண்டு பறந்தார்.

மறுநாள் ரிக் போர்மேன் தங்கசாமி வந்து, குங்குமக் கறை முழுக்கப் போகாத பிட்டை முதலாளியின் மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"பொழுதுக்கும் சுத்துனமுங்க, ஒரு விரக்கடை எறங்கல. பல்லே இல்லாத கெழத்துக்கு முறுக்குக் குடுத்த கதை! தோட்டத்துக்காரரு வந்து, 'ஏப்பா, போர் போட வந்தீங்களா, பூசை போட வந்தீங்களா'ங்கறாரு."

முதலாளி சிரிக்கவில்லை. வசந்தாமணியைத் திரும்பிப் பார்த்தார். "பெட்டி பொய் சொல்லுதே அம்மிணி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுதிக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் நின்றாள்.

அப்போதுதான் காளியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மொதலாளி, ஒரு ரேக்கு காலியாக் கெடக்குதுங்க!" மேசையைப் பார்த்தவர் பதறிப்போனார். "ஐயய்யோ, சாமியை ஏனுங்க இங்க தூக்கியாந்து வெச்சிருக்கறீங்க?"

முதலாளி பிட்டைப் பார்த்தார், காளியப்பனைப் பார்த்தார். அப்புறம் நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "சாமிக்குப் போக எத்தனைன்னு கேக்காம வுட்டது என் தப்புத்தான்!"

வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லா ரேக்குலயும் இருக்குதுங்களாண்ணா?"

"எல்லாத்துலயுந்தான் அம்மிணி. ஒண்ணைக்கூடப் பட்டினி போட்டதில்ல."

"அப்ப எல்லாத்துலயும் ஒண்ணு கொறைச்சுப்போடு அம்மிணி, தீந்துது சோலி" என்றார் தங்கசாமி.

"கொறைக்கறதா? இருக்கற சாமியை இல்லீன்னு சொல்றதா?" காளியப்பன் முகம் வாடிவிட்டது.

"கொறைக்க வேண்டாமுங்கண்ணா. சாமிக்குத் தனியா ஒரு கட்டம் போட்டுக்கலாம்" என்றாள் வசந்தாமணி.

அதற்குப் பிறகு காளியப்பன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து ரேக் ரேக்காகச் சொல்ல, அவள் மறுபடி ஏற்றினாள். வேலைக்கு எத்தனை, சாமிக்கு எத்தனை என்று இரண்டு கட்டம்.

ஆயுத பூஜையன்று முதலாளி தாமே ஸ்டோருக்குள் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். வசந்தாமணி தாளைப் பார்த்துப் படித்தாள். "ஏர் ஹோசு, வேலைக்கு ஒண்ணும் இல்லீங்க. சாமிக்கு ஒண்ணு."

முதலாளி குனிந்து பார்த்தார். ரேக்கில் வெடித்துப்போன ஒற்றை ஹோசு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு சுருண்டு படுத்திருந்தது.

"ஒத்து வருது" என்றார். "நாளைக்கு லீவு. நாளன்னைக்கு நேரத்துல வந்துரு அம்மிணி. காளியப்பா, அந்தப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வையி."

"கண்ணாடில வேண்டாமுங்கண்ணா, மேல வெய்யுங்க" என்று முன்னால் ஓடினாள் வசந்தாமணி.

காளியப்பன் பொட்டு வைத்துக் கும்பிட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ஏனம்மிணி, இது எப்பவாச்சும் காலியாயிருமா?"

"நெறைஞ்சு போனாத்தானுங்கண்ணா இதுக்குத் தொந்தரவே!"

காளியப்பனுக்கு அதைக் கேட்டு மனசு குளிர்ந்துவிட்டது. இன்னொரு பொட்டும் வைத்தார்.