தங்கபாண்டி ஓட்டிய கடைசிப் பந்தயம்

சிலமலைத் தங்கபாண்டிக்கு வாரம் முழுக்க எஸ்டேட் ஆட்களை ஜீப்பில் மலைக்கு ஏற்றி இறக்குகிற சோலி. ஆனால் போடியில் அவரை வேறு விதமாகத்தான் தெரியும். வருசத்துக்கு ஒருநாள் ரோட்டை அடைத்துவிட்டு, முந்தலிலிருந்து போடிமெட்டு வரை பைக் பந்தயம் நடக்கும். அதில் பலமுறை ஜெயித்தவர் அவர். பந்தயம் நெருங்கினால் டீக்கடையில், "இந்த வருசமும் நீங்கதானே அண்ணே" என்பார்கள். சிரித்து வைப்பார்.

அவருக்குப் பயம் வந்து சில வருசமாகியிருந்தது. ஒருதரம் மேல்மலை வளைவில், மழை ஈரத்தில் வண்டி வழுக்கி, தடுப்புச்சுவர் வரை அவரை இழுத்துப் போனது. முறிந்த தோள் எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, மனைவி சந்திரவல்லியிடம்கூட. ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பிரிக்கிறவள் அவள். பந்தயத்தன்றும் வேலை என்று விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். இதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை என்று நினைத்திருந்தார்.

போன வைகாசியில், அந்த வளைவுக்குச் சற்றுக் கீழே செயின் அறுந்துபோனது. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் சீறிக்கொண்டு கடந்தார்கள். அவமானமாக இருக்கும் என்று காத்திருந்தார். அப்படி ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கேட்கலாமென்று வளைவுக்கு நடந்தபோது, அடுக்கியிருந்த மணல் மூட்டைகளுக்குப் பின்னால் சந்திரவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

கிட்டங்கிக்குப் போகவில்லையா என்று கேட்டார். அவர் விழுந்த வருசத்திலிருந்து பந்தயத்தன்று அவள் அங்கே போனதே இல்லையாம். முதல் ஜீப்பில் ஏறிவந்து, இதே இடத்தில் நிற்பாளாம். அவர் வளைவைத் தாண்டிய பிறகுதான் கீழே இறங்குவாளாம். நிறுத்தச் சொன்னால் மனசு ஒடிந்துபோவார் என்று வாயைத் திறக்கவில்லையாம்.

தங்கபாண்டி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு புள்ள. ரொம்ப நாளாவே."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அப்ப போதும் மாமா," என்றாள்.

ரோட்டைத் திறந்ததும் கூட்டாளி முத்துக்கண்ணன் ஜீப்போடு வந்தான். செயின்தானே, அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னான். இனி ஓட்டுவதாக இல்லை என்றார் தங்கபாண்டி. அவர் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று தானும் இத்தனை வருசமாகக் கும்பிடாத சாமியில்லை என்று சொல்லிக்கொண்டே முத்துக்கண்ணன் பைக்கைத் தூக்கி ஏற்றினான்.

இறக்கத்தில் ஜீப் ஆடி ஆடிப் போனது. முந்தல் வருவதற்குள் தங்கபாண்டி மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.