ஆறு வீட்டுக்கு ஆறு பெட்டி

ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் செம்பு நாக்கில் பட்டுப் புளிக்கும். புதூர்நாட்டுப் பக்கம் ஆறே வீடுகள் கொண்ட எங்கள் ஊரில், எனக்குப் பதினொரு வயதான அந்த வெயில் காலம் முழுக்க என் வாயில் அந்தப் புளிப்புதான். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா திருப்பத்தூரிலிருந்து ஒரு "ஓம் தேட்டர்" வாங்கி வந்திருந்தார். பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டி ஐந்து. ஓர் அறையைச் சுற்றி வைத்துக் கேட்கவேண்டிய சாமான் அது. ஆனால் கிடா வெட்டினால் இலை விரித்து வீட்டுக்கொரு "கூறு" போட்டுப் பழகிய கை அப்பாவுடையது; பெட்டியும் ஆறு, வீடும் ஆறு என்று கண்டதும் அவருக்கு வேறு யோசனையே வரவில்லை. பெரியதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டு, மூங்கில் நட்டு ஒயர் இழுத்து, மற்ற ஐந்தையும் வீட்டுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்.

சினிமா டிவிடி தட்டைப் போட்டால் ஒரு வீட்டில் வசனம் மட்டும் கேட்கும், இன்னொரு வீட்டில் மழையும் இடியும் மட்டும் கேட்கும். தங்கள் கூறு வந்து சேர்ந்ததில் எல்லாருக்கும் திருப்திதான், ஒருவரும் குறை சொல்லவில்லை.

அந்த ஐந்தில் ஒன்று பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தது. வேலியோரப் புளியமரம் யாருடையது என்ற சண்டையில் அப்பாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் ஆட்டைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார். பெட்டியைக் கூட அம்மாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தச் சண்டைக்கு முன்பு பாதி நாள் நான் சோறு தின்றது பெரியப்பா வீட்டில்தான் என்பதால், இந்த இரண்டு பேரின் வீம்பு எனக்கு ஆறவே இல்லை. அந்தச் சமயத்தில் பார்த்து என் மாமா ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாசிப்பது தன் வீட்டுக்குள்ளேயே கேட்டால் பெரியப்பா எழுந்து வந்துவிடுவார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீபோர்டின் பின்பக்கத் துளையில் ஒயரைச் செருகி, மறுமுனையில் இருந்த சிவப்பு, வெள்ளை இரண்டு பின்களையும் பெரிய பெட்டியின் முதுகில் மாட்டினார் அப்பா. அங்கே பெட்டிக்கொன்றாகத் துளைகள் ஆறு இருந்ததை நாங்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை. ஒயர் செருகியதும் கீபோர்டு தன் சொந்தக் குரலை அடக்கிக்கொண்டது. கட்டையை அழுத்துகிறேன், எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. நான்கு கட்டை அழுத்துவதும், எங்கே கேட்கிறது என்று தெருவுக்கு ஓடுவதும், திரும்ப ஓடிவந்து வாசிப்பதுமாக என் கால் தரையில் பாவவில்லை. முதல் இரண்டு வீட்டில் கேட்டது. மற்ற வீடுகளில் மூச்சில்லை.

பெரியம்மா வாசலில் வந்து நின்றாள். "இன்னாடி, ஊருக்கெல்லாம் பாட்டு, எங்க வூட்டுப் பொட்டி மட்டும் ஊமையா?"

எங்கள் வீட்டையும் சேர்த்து நான்கு வீடு ஊமையாகக் கிடந்தது அவள் கண்ணில் படவில்லை. "நான் இன்னாத்த பண்ணேன், அதுவா பாடல!" என்றார் அப்பா. வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டார்களே என்று அவர் முகம் செத்துப்போயிற்று. சேர்த்துவைக்கப் போய் நானே வெட்டிவிட்டேன்.

அதற்குள் பெரியப்பா வந்துகொண்டிருந்தார். ஆணியிலிருந்து பெட்டியைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூங்கிலுக்கு மூங்கில் ஒயரை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டே, திருப்பிக் கொடுத்துவிடும் கோபத்தோடு வந்தார். ஒயரை அறுக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. வீணாக்குவது அவருக்கு ஆகாது. நான் உள்ளே பாய்ந்து சிவப்புப் பின்னைப் பிடுங்கி அடுத்த துளையில் குத்தி, ஒரு கட்டையை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. அதற்கடுத்த துளையில் குத்தி அழுத்தினேன்.

அவர் இடுப்பில் இருந்த பெட்டி "ஞொய்" என்று கத்தியது. பெரியப்பா துள்ளினார், ஆனால் கைக்குழந்தையைப் போல அதை இறுக்கிக்கொண்டாரே தவிர கீழே விடவில்லை. நான் விடாமல் வாசித்தேன். அவர் அசையாமல் நின்று கேட்டார். தோளில் ஒயர்ச் சுருளும் இடுப்பில் பாட்டுமாக நின்றவரைப் பார்த்து முதலில் சிரித்தது அப்பாதான்.

"அண்ணா, கனமா கீது, கீழ வைய்யி."

இரண்டு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. "நீ போட்ட கூறுதானே, நானே தூக்கிக்கினு நிக்கறேன்" என்றார் பெரியப்பா. அந்தப் பெட்டி அதன்பிறகு அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. தினமும் சாயங்காலம் அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து அதன் எதிரே உட்கார்ந்தார்.

இன்று அந்த மூங்கில்களும் இல்லை, அப்பாவும் இல்லை. ஓசூரில் என் அறையில் இருப்பது ஒயரே இல்லாத ஒற்றை ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து போன் போட்டு, "வாசி" என்பார். போன வாரம் வாசித்து முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"அந்த ரெண்டு வருசம் உங்கப்பன்கிட்ட பேசாத இருந்துட்டனே, பாப்பா" என்றார்.